முதுகுச் சந்தனம்

வாளித் தண்ணீரில் ஒரு இலை மிதந்தது.

பாதாம் இலை மாதிரி, காய்ந்து பழுப்பேறி, நடுவில் ஒரு கோடு ஓடும் இலை. உள்ளங்கை அகலம் இருக்கும். தமிழ்மணி அதை ஒதுக்கிவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். இரண்டாவது கை அள்ளும்போதுதான் மூளைக்கு எட்டியது. பாத்ரூம் ஜன்னல் மூடியிருக்கிறது. வாளியைக் கழுவி, குழாயைத் திறந்து, தண்ணீர் பிடித்தது அவனேதான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இலை எங்கிருந்து வந்தது?

விரலை நீட்டினான். இலை முங்கியது.

தலையைக் கவிழ்த்து, பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்பு மாதிரி ஒரே ஒரு தடவை வலித்து, வாளியின் அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. முன்னால் இரண்டு கைகள், மடக்கி வைத்த அரிவாள் மாதிரி. அந்தக் கைகளுக்கு நடுவே உருண்டையாக, கறுப்பாக, இரண்டு கண்கள்.

ஈர முகத்தோடு வெளியே பாய்ந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

வேறொரு நாளாக இருந்தால் அவனே சிரித்திருப்பான். விழுப்புரத்தில் வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். அடுப்படி அலமாரிகளுக்குப் பின்னால் அவன் பார்க்காத கரப்பானா, பூரானா? ஆனால் இன்று வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. காப்பு. மதியம் வீட்டில் நலங்கு வைத்து, காப்புக் கட்டி, எலுமிச்சம்பழம் குத்திய கத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, வேனில் ஏற்றித் திண்டிவனத்துக்குக் கூட்டிவந்து, ஏரி ஓரத்து லாட்ஜில் இந்த ரூமைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஏழு மணிக்குப் பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. விடிந்தால் முகூர்த்தம். பொண்ணு ஓமந்தூர், கலைப்பிரியா. நாலு மாசமாக ராத்திரி ராத்திரி போனில் பேசிப் பேசி, அவள் தும்மினால் இவனுக்கு மூக்கு ஒழுகுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

போன வருஷம் இதே மாதிரி ஒரு நிச்சயம் நடந்தது. வேறு பெண். தட்டு மாற்றுகிற நேரத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பல்லி நேராக அவன் உச்சந்தலையில் விழுந்தது. பெண் வீட்டார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சாப்பிடாமலேயே எழுந்து போனார்கள். அவ்வளவுதான். கலைப்பிரியாவின் தாய்மாமன் முத்துசாமி இவர்கள் பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கே அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, "இன்னொரு தபா அப்பிடி எதுனா ஆச்சுன்னா நான் மணவறையில இருந்துகூட பொண்ண இட்டுக்கினு போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று சபையிலேயே சொன்னவர்.

அதனால்தான் வேனை விட்டு இறங்கும்போது அக்கா சித்ரா அவன் காதில் ஓதினாள்: "தாலி ஏறுற வரைக்கும் இன்னா நடந்தாலும் வாய தொறக்காத. பல்லி விழுந்தாலும் சரி, பாம்பு விழுந்தாலும் சரி. புரிதா?"

காப்புக் கட்டின மாப்பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று, காவலுக்கு முத்துசாமியே ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய செருமல் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தமிழ்மணி ரிசப்ஷனுக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் மாப்பும் கையுமாக ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசிருக்கும். சட்டைப்பை மேல் குத்தியிருந்த அட்டையில் முனியம்மாள் என்று இருந்தது.

"பூச்சிக்கா போன் போட்டீங்க? நான் இன்னாமோ ஏதோன்னு ஓடியாரேன்."

"மெதுவா பேசுக்கா. வெளிய பொண்ணு வூட்டு ஆளு குந்திக்கினு இருக்காரு."

அவள் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். வாளியைக் காலால் ஆட்டினாள். தண்ணீர் மட்டும் ஆடியது.

"ஒன்னியும் காணோமே. ஏரிப்பூச்சியா இருக்கும். ஏரி ரொம்பிடுச்சி இல்ல? தண்ணி பின்னாடி காம்பவுண்டு வரைக்கும் நிக்கிது. லைட்ட பாத்துக்கினு வந்துடும்."

"கடிக்குமா?"

"கடிச்சா ரெண்டு நாளைக்குக் கைய தூக்க முடியாது. தாலிய கால்லதான் கட்டணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் அவன் மணிக்கட்டைப் பார்த்ததும் சிரிப்பு குறைந்தது. "அடிச்சி கிடிச்சி வெச்சிடாதீங்க தம்பி. காப்பு கட்டின கையால உசுர எடுக்கக் கூடாது. லைட்ட நிறுத்திட்டு சும்மா படுங்க. வெளிச்சம் இல்லாத எடத்துக்கு அது வராது."

அவள் போன பிறகுதான் சுவரில் இன்னொன்றைப் பார்த்தான்.

டியூப்லைட்டுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாளியில் இருந்ததைவிடப் பெரியது. அதன் முதுகு மட்டும் வேறு மாதிரி இருந்தது. முதுகு முழுக்க நெல்மணி நெல்மணியாக ஏதோ அடுக்கியிருந்தது. போனில் பெரிதாக்கிப் படம் எடுத்து ராஜ்குமாருக்கு அனுப்பினான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிகிறவன். விலங்கியல் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவன். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஹார்ன் சத்தத்துக்கு நடுவே அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"டேய் மச்சி, அது ஆம்பளடா. பொம்பள வந்து முட்டைய அவன் முதுகுல ஒட்டிட்டு ஜாலியா போயிடுவா. அது பொரியிற வரைக்கும் இவன்தான் சொமந்துக்கினு, தண்ணி காட்டிக்கினு, பத்திரமா பாத்துக்கினு திரியணும். ஆனா நான் பாத்ததெல்லாம் பத்து ரூவா காசு சைசுதான்டா. இது இன்னாடா தோசைக்கரண்டி மாதிரி கீது? உனக்கு நல்ல பாடம் எடுக்க வந்துருக்கு. கத்துக்கோ மாப்ள."

தமிழ்மணிக்குச் சிரிப்பு வந்தது. பாதி சிரிப்பிலேயே நின்றது. மூலையில் இருந்த பூச்சி இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். திரைச்சீலையை உதறினான். தலையணை உறையைத் திருப்பினான். அறை முழுக்க ஒரு வாடை ஏறியிருந்தது. கோரை அழுகின வாடை, சேற்று வாடை, மீன் செதில் வாடை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஏரி சாம்பல் நிறத்தில் பரந்து கிடக்க, அதன்மேல் மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் 'டக்'கென்று ஏதோ மோதியது. கொஞ்சம் விட்டு இன்னொரு டக். லைட்டைப் பார்த்துத்தான் வருகின்றன என்று தேற்றிக்கொண்டு லைட்டை நிறுத்தினான். டக் டக் நின்றது. அந்த அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

மணி ஐந்தே முக்கால். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. மதியம் நலங்கில் பெண்கள் ஆளாளுக்கு அப்பிய சந்தனம் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை காய்ந்து இழுத்தது. ஏழு மணிவரை கழுவக் கூடாது என்று சித்ரா சொல்லியிருந்தாள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெத்தையில் சந்தனம் ஒட்டாமல் இருக்கக் குப்புறப் படுத்தான். கத்தியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஃபேன் காற்று முதுகில் பட்டது. மழைச் சத்தம். முத்துசாமியின் செருமல். மழைச் சத்தம்.

விழித்தபோது ஃபேன் நின்றிருந்தது.

கரண்ட் இல்லை. வெளியே தவளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. யாரோ ஈரத் துண்டை மடித்து இடுப்பில் வைத்தது மாதிரி ஒரு கனம் இருந்தது. அக்காவாக இருக்கும், வேர்க்குதே என்று துண்டை வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று அரைத்தூக்கத்தில் நினைத்தான்.

துண்டு ஒரு அடி எடுத்து வைத்தது.

தமிழ்மணியின் தூக்கம் கலைந்தது.

ஆறு இடத்தில் ஊசி முனை மாதிரி தோலைப் பற்றியிருந்தது. அடிவயிறு சில்லென்று சந்தனத்தில் படிந்தது. ஏதோ ஒரு சொட்டு, பசை மாதிரி. அதன்மேல் ஒரு அழுத்தல், கட்டைவிரலால் விதை ஊன்றுகிற மாதிரி. பிறகு ஒரு அடி. சொட்டு. அழுத்தல்.

எழுந்து உதறிவிடலாம். கத்தலாம். கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. ஆள் இருப்பதுதான் கஷ்டம். முத்துசாமி போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, மாப்ள நல்லா தூங்குறாரு. நான் இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன். ஒரு ஈ எறும்புகூட உள்ள போவல. நீ ஜல்தியா பொண்ண ரெடி பண்ணு."

கத்தினால் கதவு திறக்கும். மாப்பிள்ளையின் முதுகில் இது உட்கார்ந்திருப்பதை அவர் பார்ப்பார். போன வருஷம் பல்லி, இந்த வருஷம் இது. கலைப்பிரியா நேற்று ராத்திரி போனில் சொன்னது காதில் கேட்டது: "இது நின்னுச்சுன்னா நான் வேற எவனையும் கட்டிக்க மாட்டேங்க. அப்பிடியே இருந்துடுவேன்." தலையணை உறையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டான்.

ஒரு அடி. சொட்டு. அழுத்தல்.

இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. திரும்பியது. அடுத்த வரிசை. அவசரமே இல்லை அதற்கு. நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்வது மாதிரி நகர்ந்து நகர்ந்து, விலாவைத் தாண்டி, தோள்பட்டைக்கு ஏறியது. கழுத்துக்குக் கீழே நின்றது. இரண்டு கைகளால் பிடரி மயிரை மெல்ல விலக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு, வேண்டாம் என்பது மாதிரி, விட்டது.

விசிறி மட்டையை உதறுகிற சத்தம். கனம் போய்விட்டது.

போய்விட்டாள் என்று நினைத்தான். நினைத்த பிறகுதான் தலையணை உறையை வாயிலிருந்து எடுத்தான்.

கரண்ட் வந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். பார்க்கவேண்டாம் என்று தோன்றியது. பார்த்தான். காய்ந்த சந்தனத்தில் வரிசை வரிசையாக, பழுப்பாக, புளியங்கொட்டையில் பாதி அளவில். இடுப்பிலிருந்து தோள் வரை. ஒன்றுகூடக் கோணல் இல்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் வட்டமாக ஒரு கோடு, மூடி மாதிரி.

கத்தியிலிருந்து எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி எறிந்தான். கையைப் பின்னால் வளைத்து, இடுப்பு ஓரத்தில் இருந்த ஒன்றைக் கத்தி முனையால் நெம்பினான். நகத்தைப் பிடுங்குகிற வலி. கண்ணில் தண்ணீர் தெறித்தது. முட்டை தரையில் விழுந்து உடைந்தது. வெள்ளையாக ஏதோ வழிந்தது, அதற்குள் மடித்து வைத்த கால்கள். இரண்டு கண்கள். கண்கள் முன்பே கறுத்திருந்தன.

அது அசையவில்லை. காப்புக் கயிற்றில் இரத்தம் ஏறியது.

ஜன்னலில் டக்.

டக். டக். டக் டக் டக் டக். கண்ணாடி முழுக்க வயிறுகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏரி தெரியவில்லை.

"இன்னா சத்தம் மாப்ள?" முத்துசாமி கதவைத் தட்டினார்.

"ஒன்னும் இல்ல மாமா." குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "மழ."

"இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பணும். எழுந்து ரெடியாவுங்க."

முதுகு என்னமோ செய்தது. எரிச்சலும் இல்லை, அரிப்பும் இல்லை, வறட்சி. வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது மாதிரி முதுகே தாகத்தில் இழுத்தது. பாத்ரூமுக்கு ஓடி, வாளியோடு தூக்கித் தோளில் ஊற்றினான். உடனே அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. சுவரில் கை வைத்து நின்றுகொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அப்புறம்தான் உறைத்தது. முதுகைத் தவிர அவன் உடம்பில் ஒரு இடத்திலும் அந்த 'அப்பாடா' இல்லை.

சித்ரா கோட்டோடு வந்தபோது ஈரத்தின் மேலேயே பனியனும் சட்டையும் போட்டுச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

"இன்னாடா சுவத்த புடிச்சிக்கினு நிக்கிற, புதுப்பொண்ணு மாதிரி? சட்டையெல்லாம் ஈரம். குளிச்சியா? சொன்னா கேக்க மாட்டியா?"

"வேர்வக்கா."

"கண்ணு ஏன் இப்பிடி செவந்து கீது?" அவள் குரல் தணிந்தது. "பயமா? ஒன்னும் ஆவாதுடா. நான் கீறேன் இல்ல. திரும்பு, கோட்டு போட்டு வுடறேன்."

"குடு, நானே போட்டுக்கறேன்."

திரும்பவில்லை. ஒரு தோளை, பிறகு மறுதோளை, எதுவும் உரசாமல், எதுவும் நசுங்காமல் கோட்டுக்குள் நுழைத்தான். அவள் செல்லமாக முதுகில் தட்டக் கை ஓங்கியபோது சட்டென்று விலகினான். தட்டினால் வலிக்குமே என்று அவன் விலகவில்லை.

மண்டபத்தில் சீரியல் செட் விளக்குகள் மழையில் மின்னின. பாட்டுக் கச்சேரி, பிரியாணி வாசனை, பன்னீர். மேடையில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளிச்சம் அடித்தது. பூச்சிகள் அந்த வெளிச்சத்துக்கு வந்துகொண்டே இருந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். பிள்ளைகள் செருப்பால் அடித்தார்கள். நொறுங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தமிழ்மணியின் தோள்கள் உள்ளே ஒடுங்கின.

கலைப்பிரியா கரும்பச்சைப் பட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். உதட்டை அசைக்காமல் பேசினாள். "இன்னாங்க, முகமே செரியில்ல? என்ன பாத்து பயந்துட்டீங்களா?"

"அழகா இருக்க."

"அத ஏன் சாவு வூட்ல சொல்ற மாதிரி சொல்றீங்க?"

முத்துசாமி மேடை ஏறி வந்தார். அவர் சட்டைத் தோளில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அவர் அதை இரண்டு விரலால் அலுங்காமல் எடுத்து, பூ மாலையின் மேல் விட்டார்.

"பாத்தியா மாப்ள? ஏரி ரொம்புனாத்தான் இது வரும். எங்க தாத்தா கல்யாணத்துக்கு வந்துச்சாம். அதுக்கப்பறம் இந்தக் கல்யாணத்துக்குத்தான் வந்துருக்கு." வாய் நிறையச் சிரித்தார். "இதவிட நல்ல சகுனம் வேணுமா? எனக்கு இப்பத்தான் மனசு நெறைஞ்சிச்சி."

தமிழ்மணி அவரையே பார்த்தான். அப்படியானால் கத்தியிருக்கலாம். கதவைத் திறந்திருக்கலாம். இப்போதுகூடச் சொல்லலாம். மாமா, என் முதுகைப் பாருங்க. நாலே வார்த்தை. மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. வாயைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் கத்தி வைப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டான்.

"சார், ஸ்மைல்! மேடம், அப்பிடியே சார் முதுகுல கைய வெச்சி லேசா சாஞ்சிக்குங்க!" கேமராக்காரன் கத்தினான்.

அவள் கை கோட்டின் மேல் வந்து பதிந்தது. உள்ளங்கை முழுசாக. மேடை விளக்கின் சூடு, அவளுடைய கையின் சூடு. ஈரம் இன்னும் மிச்சம் இருந்தது.

"ஏங்க," என்று கிசுகிசுத்தாள், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "உங்க நெஞ்சு இன்னா இப்பிடி அடிச்சிக்குது? முதுகு வரைக்கும் தெரியுது."

"கைய எடு." அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது. "மெதுவா எடு."

அவள் எடுக்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்து இன்னும் நெருங்கி அழுத்தினாள்.

அவள் உள்ளங்கைக்கு அடியில் ஒரு மூடி திறந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு அந்த வரிசை. பிளாஷ் அடித்தது. தமிழ்மணி நல்ல மாப்பிள்ளையாகச் சிரித்தபடி, அவை நசுங்காமல் நகர இடம் விட்டு, கோட்டுக்குள் தோள்களை மெல்ல மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.